'நிச்சயமா?' என்று கேட்டால் போதுமா

கட்டளை தட்டி வேலை வாங்கும் கம்ப்யூட்டர் கருவிகளைக் கனிவாக்கும் முயற்சி ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. கேள்வி கேட்பது சுலபம். தவறு செய்தவரைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

2017 பிப்ரவரி 28. அமேசான் நிறுவனத்தின் எஸ்-3 என்ற சேமிப்பு சேவையில் பில் போடும் பகுதி மந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடிய ஊழியர் ஒருவர், சில சர்வர்களை மட்டும் விலக்கிவைப்பதற்காக ஒரு கட்டளையைத் தட்டினார். நிறுவனத்தின் வழிமுறைக் கையேட்டில் உள்ள கட்டளைதான். ஆனால் அதோடு சேர்த்துத் தந்த விவரத்தில் ஒரு பிழை. சில சர்வர்கள் போக வேண்டிய இடத்தில் பெருங்கூட்டமே போய்விட்டது. சேவைக்கு உயிர்நாடியான வேறு இரண்டு பகுதிகளைத் தாங்கிய சர்வர்களும் அதில் அடக்கம். வட வர்ஜீனியா மையத்தை நம்பியிருந்த இணையதளங்கள் நான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தடுமாறின. சேவை முடங்கியதை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய அமேசானின் தகவல் பலகையைக்கூட வெகுநேரம் மாற்ற முடியவில்லை. அதுவும் எஸ்-3-ஐ நம்பித்தான் இருந்தது.

ஒரு வரி. ஒரு என்டர். அவ்வளவுதான்.

மவுஸும் தொடுதிரையும் வந்த பிறகு, கறுப்புத் திரையில் எழுத்துகளைத் தட்டி வேலை வாங்கும் 'கமாண்ட் லைன்' முறை காலாவதியாகிவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மை. ஆனால் திரைக்குப் பின்னால் கதை வேறு. இணையதளங்களையும் வங்கிகளையும் இயக்கும் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரையே கிடையாது. பெங்களூரிலோ நொய்டாவிலோ இரவுப் பணியில் இருக்கும் என்ஜினீயர், எங்கோ ஒரு கண்டத்தில் இருக்கும் இயந்திரத்தோடு எழுத்தில்தான் பேசுகிறார். அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் மனிதத்தனமாக ஆக்க முடியாதா என்பது நியாயமான கேள்வி. பதில்தான் எளிதாக இல்லை.

பேசாமல் எல்லாவற்றுக்கும் மெனு போட்டுவிட்டால் என்ன? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் விமான டிக்கெட் போடும் டிராவல் ஏஜென்சியில் சிறிது நேரம் நின்று பார்க்க வேண்டும். அமேடியஸ் போன்ற முன்பதிவு அமைப்புகளில் பழகியவர்கள் 'ஏஎன்' என்ற இரண்டு எழுத்து, தேதி, புறப்படும் ஊர், சேரும் ஊர் ஆகியவற்றை இடைவெளிகூட விடாமல் ஒரே மூச்சில் தட்டுவார்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கு அன்றைக்கு என்னென்ன விமானம், எந்த வகுப்பில் எத்தனை இடம் என்று பட்டியல் வந்து விழும். புதியவருக்கு அது மந்திரம். பட்டன்களும் பெட்டிகளும் கொண்ட அழகான திரைகளை இந்த நிறுவனங்கள் எப்போதோ தந்துவிட்டன. இருந்தாலும் பழைய கை இன்னும் மந்திரத்தையே விரும்புகிறது. மவுஸால் ஐந்து இடத்தில் கிளிக் செய்யும் நேரத்தில் அவர் அடுத்த வாடிக்கையாளருக்குப் போய்விடுவார்.

ஆக, புதியவருக்குக் கனிவானது தேர்ந்தவருக்கு இடைஞ்சல். முதல் சிக்கல் இது. இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் அமைப்பை உருவாக்கத் தொடங்கியபோது அவர்கள் முன்னால் இருந்தது திரை அல்ல, டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். விநாடிக்குப் பத்து எழுத்துகளைக் காகிதத்தில் சத்தத்தோடு அச்சிடும். அந்த வேகத்தில் யாருக்கும் வளவளவென்று பேசத் தோன்றாது. 'காப்பி' என்பது 'சிபி' ஆனது. 'லிஸ்ட்' என்பது 'எல்எஸ்' ஆனது. 'ரிமூவ்' என்பது 'ஆர்எம்' ஆனது. வேலை ஒழுங்காக முடிந்தால் கருவி எதுவும் சொல்லாது. தவறு நடந்தால் மட்டும் வாய் திறக்கும். அந்த மௌனம்தான் இன்றும் புதியவர்களை மிரட்டுகிறது.

ஆனால் மௌனத்துக்குக் காகிதச் சிக்கனம் மட்டும் காரணம் இல்லை. டக் மெக்கில்ராய் வலியுறுத்திவந்த ஒரு யோசனை 1973-ல் யூனிக்ஸில் நிறைவேறியது. குழாய்களைப் பொருத்துவதுபோல, ஒரு கருவி தரும் விடையை நேராக அடுத்த கருவியின் வாயில் ஊற்றும் 'பைப்' முறை. ஃபைல்களைப் பட்டியல் போட ஒன்று, அதில் வேண்டியதைப் பொறுக்க ஒன்று, எண்ணிச் சொல்ல ஒன்று. மூன்றையும் வரிசையாக இணைத்தால் புதிதாக ஒரு கருவி கிடைத்த மாதிரி. இதில் நிபந்தனை ஒன்று உண்டு. முதல் கருவி 'வணக்கம், இதோ நீங்கள் கேட்ட பட்டியல்' என்று மரியாதையாக ஆரம்பித்தால், அடுத்த கருவி அந்த வணக்கத்தையும் ஒரு ஃபைலாக எண்ணிவிடும். நடுவில் இருக்கும் கருவி 'மேலே போகலாமா?' என்று கேட்டால் இன்னும் மோசம். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. நடுராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடும் வேலை, யாரும் படிக்காத கேள்வியின் முன்னால் விடியும்வரை காத்து நிற்கும்.

அதாவது கமாண்ட் லைன் கருவிக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் மனிதர், இன்னொருவர் இன்னொரு புரோகிராம். மனிதருக்கு வண்ணம், விளக்கம், கேள்வி, 'இன்னும் 40 சதவீதம்தான் பாக்கி' என்ற ஆறுதல் எல்லாம் தேவை. புரோகிராமுக்கு அவை அத்தனையும் குப்பை. ஒருவருக்கு வைக்கும் விருந்து மற்றவருக்கு அஜீரணம்.

சாமர்த்தியமான கருவிகள் எதிரே இருப்பது யார் என்று முதலில் மோப்பம் பிடிக்கின்றன. தான் எழுதுவது திரைக்குப் போகிறதா, இன்னொரு புரோகிராமுக்குப் போகிறதா என்று இயங்குதளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டு. 'எல்எஸ்' கட்டளை திரையில் என்றால் பெயர்களைப் பத்தி பத்தியாக அடுக்கும். பைப்புக்குள் என்றால் வரிக்கு ஒரு பெயராகத் தரும். அனுகூலம்தான். ஆனால் கண்ணெதிரே ஒருவிதம், முதுகுக்குப் பின்னால் ஒருவிதம் நடந்துகொள்ளும் கருவியில் கோளாறு வந்தால் கண்டுபிடிப்பது சிரமம். டெபியன் லினக்ஸ்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். மென்பொருள்களை நிறுவ ஏற்கனவே 'ஆப்ட்-கெட்' என்ற கருவி இருந்தது. அதன் வெளியீட்டை நம்பி உலகெங்கும் ஸ்கிரிப்டுகள் எழுதப்பட்டுவிட்டதால் அதில் கை வைக்க முடியாது. எனவே 2014-ல் மனிதர்களுக்கென்றே 'ஆப்ட்' என்ற இன்னொரு கட்டளையை, முன்னேற்றத்தைக் காட்டும் பட்டையோடு கொண்டுவந்தார்கள். அதன் வெளியீட்டை வேறு புரோகிராமுக்குத் திருப்பினால், 'இதை ஸ்கிரிப்டுகளில் நம்ப வேண்டாம்' என்ற பொருளில் எச்சரிக்கும். ஒரே வீட்டில் இரண்டு சமையல்.

கனிவு என்றதும் முதலில் தோன்றும் யோசனை, ஆபத்தான வேலைக்கு முன் ஒரு கேள்வி கேட்பது. டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். ஒரு டைரக்டரியில் உள்ள அனைத்தையும் அழிக்கச் சொன்னால் 'நிச்சயமா? ஒய் அல்லது என்' என்று கேட்கும். முதல் பத்து முறை பயனாளி யோசிப்பார். பதினோராவது முறை, கேள்வி திரைக்கு வருவதற்குள் விரல் 'ஒய்'யைத் தட்டிவிடும். யூனிக்ஸின் 'ஆர்எம்' கட்டளையிலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் கேள்வி கேட்க வைக்கும் வசதி உண்டு. சில லினக்ஸ் வகைகளில் நிர்வாகி கணக்கில் நுழைந்தாலே அது தானாக அமலாகும். நடந்தது என்ன? தொல்லை தாங்காத நிர்வாகிகள், 'எதையும் கேட்காதே' என்று பொருள்படும் 'எஃப்' என்ற எழுத்தைக் கட்டளையோடு சேர்த்தே தட்டப் பழகிவிட்டார்கள். பாதுகாப்பு வளையம் இருந்த இடத்தில் முன்னைவிடப் பெரிய பள்ளம்.

யூனிக்ஸ் குடும்பத்தில் 'யெஸ்' என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதன் வேலை, நிறுத்தும்வரை 'ஒய்' 'ஒய்' என்று சொல்லிக்கொண்டே இருப்பது. கேள்வி கேட்கும் கருவிகளுக்குப் பைப் வழியாக இதை இணைத்துவிட்டால் போதும். கேள்விகள் மதிப்பிழந்த கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கேள்வியைக் கடினமாக்கினால்? அதையும் செய்து பார்த்தாயிற்று. இயங்குதளத்துக்கு அத்தியாவசியமான பகுதிகளை நீக்கும் நிலை வந்தால் 'ஆப்ட்' வெறும் 'ஒய்'யை ஏற்காது. 'யெஸ், டூ ஆஸ் ஐ ஸே!' என்ற முழு வாக்கியத்தையும் ஆச்சரியக்குறியோடு தட்டச் சொல்லும். 2021 நவம்பரில் கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், லினக்ஸுக்கு மாறும் தன் முயற்சியை வீடியோவாக வெளியிட்டார். பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவப் பார்த்தார். தொகுப்பில் இருந்த ஒரு கோளாறால், அதை நிறுவ வேண்டுமானால் திரைத் தோற்றத்தையே நீக்க வேண்டும் என்று கருவி முடிவு செய்திருந்தது. எச்சரிக்கை வந்தது. நீளமான பட்டியலும் வந்தது. அவர் அந்த வாக்கியத்தைத் தட்டினார். ஐகான்களும் ஜன்னல்களும் மறைந்து வெறும் எழுத்துத் திரை மிஞ்சியது.

படிக்காதது அவர் தவறு என்று சிலர் சொன்னார்கள். ஒரு விளையாட்டை நிறுவப் போனவரிடம் இயங்குதளத்தைக் கலைக்க அனுமதி கேட்டதே தவறு என்றார்கள் மற்றவர்கள். ஆப்டை உருவாக்குகிறவர்கள் இரண்டாவது கட்சியின் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு வந்த பதிப்பில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, வேலையையே மறுக்கும்படி மாற்றினார்கள். உண்மையிலேயே நீக்க விரும்புகிறவர், அதற்கான தனிச் சொல்லைக் கட்டளையிலேயே எழுத வேண்டும்.

இன்னொரு வகைக் கனிவு, பயனாளியின் மனதைப் படிப்பது. 1960-களின் பிற்பகுதியிலேயே வாரன் டைட்டல்மன் என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி இதை முயன்றார். 'நான் நினைப்பதைச் செய்' என்று பொருள்படும் 'டிவிம்', எழுத்துப் பிழைகளைத் தானே திருத்தி வேலையைத் தொடரும். கம்ப்யூட்டர்காரர்களின் பழைய அகராதியான 'ஜார்கன் ஃபைல்' இதைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. பழைய நகல்களை மட்டும் அழிக்க நினைத்த ஒருவர், அவற்றின் பெயர் முடியும் டாலர் குறியைச் சேர்த்துக் கட்டளை தட்டினார். அப்படி நகல் எதுவும் இல்லை. டிவிம் பணிவாக, 'அனைத்தையும் அழி என்றுதான் சொல்ல வந்திருப்பீர்கள்' என்று ஊகித்து வேலையைத் தொடங்கிவிட்டது. அவர் பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்துவதற்குள் அரை டஜன் ஃபைல்கள் போயிருந்தன. இன்றைய 'கிட்' போன்ற கருவிகள் இதில் பாடம் கற்றிருக்கின்றன. பிழையாகத் தட்டினால் 'இதற்கு நெருக்கமான கட்டளை இது' என்று காட்டும். தாமாகவே ஓட்டிவிடாது, பயனாளி முன்கூட்டி அப்படி அமைத்துவைத்திருந்தால் தவிர.

அப்படியானால் எதுதான் பலன் தந்திருக்கிறது? பெரும்பாலும் சத்தமில்லாத விஷயங்கள். பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டி 'டாப்' விசையை அழுத்தினால் மீதியைப் பூர்த்தி செய்வது; 2005-ல் முதன்முதலாக வெளிவந்த 'ஃபிஷ்' செய்வதுபோல, முன்பு தட்டிய கட்டளையை மங்கலான எழுத்தில் நினைவூட்டுவது. இவை குறுக்கே வருவதில்லை. வேண்டாதவர் தட்டிக்கொண்டே போகலாம். பைப்புக்குள் ஓடும் புரோகிராமுக்கு இவை இருப்பதே தெரியாது. இரண்டு முதலாளிகளுக்கும் சண்டை வராத இடம் இது.

அடுத்தது, செய்யப்போவதை முன்கூட்டியே காட்டும் ஒத்திகை. ஃபைல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒத்திசைக்கும் 'ஆர்சிங்க்' போன்ற கருவிகளிடம் 'செய்வதுபோல நடி' என்று சொல்லலாம். எதையெல்லாம் மாற்றும், எதையெல்லாம் அழிக்கும் என்று பட்டியல் தரும். எதையும் தொடாது.

கேள்வியே கூடாது என்பதும் இல்லை. பழக்கத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். டெபியனில் 'மாலி-கார்ட்' என்று ஒரு சின்னக் கருவி உண்டு. தொலைவில் இருக்கும் சர்வரில் நுழைந்து யாராவது அதை அணைக்கும் கட்டளையைத் தட்டினால், 'நிச்சயமா?' என்று கேட்காமல் 'இந்த இயந்திரத்தின் பெயர் என்ன?' என்று கேட்கும். தன் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரை அணைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு புரோகிராமரின் சின்ன மகள் மாலி, ஐபிஎம் இயந்திரத்தின் சிவப்பு ஸ்விட்சை ஒரே நாளில் இரண்டு முறை தட்டிவிட, அதன் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டார்களாம். குழந்தையைத் திட்டிப் பயனில்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

எந்த இயந்திரத்தில் இருக்கிறோம் என்பது அற்பமான விஷயம் இல்லை. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் வெகுநேரமாக ஒரு கோளாறோடு மல்லாடிக்கொண்டிருந்த என்ஜினீயர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் டைரக்டரியை அழிக்க ஆரம்பித்தார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5. தானாக எடுக்கப்பட வேண்டிய நகல்களும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. பின்னர் நிறுவனம் வெளிப்படையாக அறிவித்த திருத்தங்களில் ஒன்று, எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்பது கட்டளை தட்டும் இடத்திலேயே பளிச்சென்று தெரியும்படி செய்வது. கனிவு என்றால் சில நேரங்களில் இவ்வளவுதான்.

தமிழில் வேலை பார்க்க நினைப்பவருக்கு இன்னொரு தடை. டெர்மினல் என்பது சம அளவு கட்டங்கள் போட்ட தாள் மாதிரி. ஆங்கிலத்தின் ஒல்லியான 'ஐ'க்கும் குண்டான 'டபிள்யூ'வுக்கும் ஒரே அகலம். தமிழ் அந்தக் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. 'கொ' என்பது கம்ப்யூட்டருக்கு இரண்டு குறியீடு. திரையிலோ கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால். எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதில் டெர்மினலுக்கும் அதில் ஓடும் புரோகிராமுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். செய்திகளை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

இப்போது ஏ.ஐ. வந்திருக்கிறது. 'போன வாரத்துப் பெரிய ஃபைல்களை மட்டும் நீக்கு' என்று பேச்சு வழக்கில் சொன்னால் கட்டளையைத் தானே எழுதி ஓட்டும் உதவியாளர்கள் டெர்மினலுக்குள் குடியேறிவிட்டார்கள். டைட்டல்மன் கண்ட கனவு ஒருவழியாகப் பலித்துவிட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் பழைய சங்கடங்களும் கூடவே வந்திருக்கின்றன. ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி கேட்கும்படி வைத்தால், மனிதர்கள் படிக்காமலே சம்மதிக்கிறார்கள். கேட்க வேண்டாம் என்றால் டிவிம் கதைதான். 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற மென்பொருள் தளத்தின் ஏ.ஐ. உதவியாளர், எதையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருந்தும் ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸை அழித்தது. திரும்பப் பெற முடியாது என்று வேறு சொன்னது. பெற முடிந்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு அறிவித்த மாற்றங்களில் முக்கியமானது, சோதனைக்கான டேட்டாபேஸும் உண்மையான டேட்டாபேஸும் தானாகவே பிரிந்திருக்கச் செய்வது. உதவியாளரிடம் இன்னும் கண்டிப்பாகப் பேசுவது அல்ல.

அமேசான் செய்ததும் அதே வகை வேலைதான். விபத்துக்குப் பின் வெளியிட்ட விளக்கத்தில் அந்த ஊழியரின் பெயர் இல்லை. அளவுக்கு மீறிய சர்வர்களை அளவுக்கு மீறிய வேகத்தில் விலக்கக் கருவி அனுமதித்துவிட்டது என்று எழுதினார்கள். திருத்தம் இரண்டு. கருவி இனி மெதுவாக விலக்கும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும்படி யார் சொன்னாலும் கேட்காது. 'நிச்சயமா?' என்ற கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.

எந்த நிறுவனத்திலும் விபத்து அறிக்கையில் 'மனிதத் தவறு' என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடுவது சுலபம். தூக்கக் கலக்கத்தில் இருந்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். கருவி அப்படியே இருக்கும். அடுத்த வாரம் அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அதே கட்டளையைத் தட்டுவார்.